வேட்டுவ வரியில் தெய்வ ஆணை

முல்லையும் குறிஞ்சியும் வேனிலால் இயல்பு திரிந்த நிலையே பாலை என்பது சிலப்பதிகாரக் காடுகாண் காதையிற் காணப்படும் கொள்கை. அந்நிலத்து எயினரை இயக்குவது யாது என்பதனை அடுத்துவரும் வேட்டுவ வரி புலப்படுத்தும்.

அங்கு ஆணை பிறப்பது தெய்வமுற்ற சாலினியின் வாயிலாகவே. பிறர் ஊர்களில் ஆநிரை மலிய, எயினர் மன்றம் வறிதாயிற்று; கொற்றவை தன் பலி பெறாவழி வெற்றி நல்காள் என்பதே அவள் கூற்றின் சாரம். மறவர் அடங்கியிருத்தலே ஈண்டுக் குற்றமாகின்றது. வறட்சி கொள்ளையை வேண்ட, கொள்ளையைத் தெய்வம் கடமையாக்குகின்றது என்க.

ஃபிராங்க் ஹெர்பெர்ட் 1965இல் வெளியிட்ட ‘டியூன்’ என்னும் ஆங்கில நாவலும் இத்தகையதே. நீரற்ற மணற்கோளொன்றின் மக்கள் ஒருவனை இறைத்தூதனாகக் கொண்டு போர்க்கெழுகின்றனர். அவன் விளைவை அஞ்சியும் அந்நிலையை ஏற்கின்றான்.

கண்ணகியோ ஏலாள். சாலினி தன்னைத் தெய்வமெனப் போற்றியவழி, மூதாட்டி மயங்கி உரைத்தாள் எனக் கூறி, நாணிக் கணவன் பின் ஒதுங்குகின்றாள். அவ்வாக்கு வஞ்சிக் காண்டத்தில் மெய்யாகின்றதே எனின், அற்றன்று. அவளைத் தெய்வமாக்கியது பாலையிற் பிறந்த வாக்கன்று, மதுரையில் அவள் கேட்ட நீதியே. தெய்வ வாக்கைப் பாடிய அடிகளே அதனை ஐயுறும் உரிமையையும் தம் தலைவிக்கு வழங்கினார் எனல் பொருந்தும்.