சொல்லும் சட்டமும்: சனாதிபதி வேட்பாளரின் நிலைப்பாடு குறித்து ஒரு நோக்கு

அரசியல்வாதியின் மேடையுரை இலக்கியமன்று. ஆயினும் அதுவும் சொல்லால் ஆனதே. எனவே தேர்தற் காலத்தில் வேட்பாளர் பேசுவதையும், அவர் பேசாது விடுவதையும் திறனாய்வுக்கு உட்படுத்தல் பொருத்தமுடையதாகும். இலங்கைச் சனாதிபதித் தேர்தல்களில் மிக அரிதாகவே எழுப்பப்பட்ட வினாவொன்று உண்டு. தன்பாலீர்ப்புடைய குடிமக்களைக் குற்றவாளிகளாக நிறுத்தும் சட்டம் பற்றியும், அத்தகையோர் நாட்டின் படைகளிற் பணிபுரிவது பற்றியும் வேட்பாளரின் நிலைப்பாடு யாது என்பதே அவ்வினா.

மேலோட்டமாக நோக்குவோர்க்கு இவை இரு வேறு வினாக்களாகத் தோன்றலாம். ஆனால் 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, சனாதிபதியை அரசின் தலைவராகவும் நிறைவேற்றுத்துறையின் தலைவராகவும் ஆயுதப் படைகளின் தளபதியாகவும் ஆக்கியுள்ளது. குடிமகனின் உரிமையும் படைவீரனின் கண்ணியமும் ஒரே நாற்காலியில் அமர்வோரின் பொறுப்பிலேயே தங்கியுள்ளன. ஆதலின் இவ்விரண்டையும் ஒருங்கே வினவுதலே முறையாகும்.

இவ்வினாவை மாத்தளை மாவட்டத்தில் நின்று எழுப்புவதற்குக் காரணங்கள் உள. 2019ஆம் ஆண்டுத் தேர்தலிற் போட்டியிட்டோருள் இருவர் இம்மாவட்டத்தோடு தொடர்புடையோர். கோட்டாபய ராஜபக்ஷ 1989ஆம் ஆண்டில் மாத்தளை மாவட்டத்தின் இராணுவ இணைப்பதிகாரியாகக் கடமையாற்றியவர். அநுர குமார திஸாநாயக்க கலேவெலையிற் பிறந்தவர். முன்னவர் 2019இலும் பின்னவர் 2024இலும் வெற்றியீட்டினர். படையிலிருந்து வந்த ஒருவரும் கிராமத்திலிருந்து வந்த ஒருவரும் அவ்வுயர் பதவியை அடைந்த வரலாறு இம்மாவட்டத்துக்கு உண்டு. தம்புள்ளையின் மரக்கறி விலையையும் இறத்தோட்டை, எல்கடுவைத் தோட்டங்களின் நாட்சம்பளத்தையும் பற்றி வேட்பாளரிடம் உரிமையோடு கேட்கும் வாக்காளர், இவ்வினாவை மட்டும் கேட்கத் தயங்குவதேன்?

சொல்லுக்கும் நிலைப்பாட்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை முதலில் தெளிதல் வேண்டும். ஐக்கிய அமெரிக்காவின் அனுபவம் இதற்கு உதவும். 1992ஆம் ஆண்டுத் தேர்தலில் வேட்பாளர் பில் கிளின்ரன், தன்பாலீர்ப்புடையோர் படையிற் சேர்வதற்கு இருந்த தடையை நீக்குவதாக வாக்களித்தார். பதவியேற்றதும் படைத் தலைமையும் காங்கிரசும் எதிர்த்து நின்றன. 1993இல் உருவான இணக்கம், படைவீரரின் நாட்டம் பற்றி எவரும் கேட்கலாகாது, அவரும் அதனை வெளியிடலாகாது என விதித்தது. ஒருவர் நாட்டுக்காக உயிரைக் கொடுக்கலாம், ஆனால் தாம் யாரென்பதைச் சொல்லலாகாது என்பதே அதன் பொருள். அவ்விதியின் கீழ்ப் பதின்மூவாயிரத்துக்கும் அதிகமானோர் படையிலிருந்து நீக்கப்பட்டனர். 2008இல் வேட்பாளராக நின்ற பராக் ஒபாமா அதனை ஒழிப்பதாக வாக்களித்தார். 2010 டிசெம்பரில் அதற்கான சட்டத்திற் கையொப்பமிட்டார். 2011 செப்டெம்பர் 20ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. இங்கு கவனிக்கத்தக்கது வெற்றியன்று, அளவுகோலே. ஒருவர் தந்த வாக்கு பாதியிலே முறிந்தது என்று வாக்காளரால் அளந்து கூற முடிந்தது. ஏனெனில் அவ்வாக்கு ஒரு குறித்த விதியைச் சுட்டி நின்றது.

அண்டை நாடான இந்தியா மற்றொரு பாடத்தைத் தருகிறது. 2018 செப்டெம்பர் 6ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றம், வயதுவந்தோர் தம்முள் இசைந்து கொள்ளும் உறவு 377ஆம் பிரிவின்படி குற்றமாகாதெனத் தீர்ப்பளித்தது. நான்கு திங்கள் கழிந்து, 2019 சனவரியில், அந்நாட்டின் தரைப்படைத் தளபதி பிபின் ராவத், படையினுள் இத்தகைய உறவை அனுமதிக்கப்போவதில்லை என்றார். படை பழைமை பேணும் அமைப்பு என்பது அவர் கூறிய காரணம். நீதிமன்றம் திறந்த கதவு பாசறை வாயிலில் மூடப்பட்டது. குடியியற் சட்டம் மாறினாற் போதும், ஏனையவை தாமாகவே மாறும் என்னும் நம்பிக்கை எத்துணை மெலிவானது என்பதை இது காட்டும்.

இனி இலங்கையை நோக்கலாம். 1883ஆம் ஆண்டிற் பிரித்தானியர் இயற்றிய தண்டனைச் சட்டக்கோவையின் 365ஆம் பிரிவு, ‘இயற்கை ஒழுங்குக்கு மாறான’ உறவுக்குப் பத்து ஆண்டுகள் வரை சிறை விதிக்க இடமளித்தது. 365அ பிரிவு ஆடவரை மட்டுமே சுட்டி நின்றது. 1995ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை நீக்காது, பெண்களையும் உள்ளடக்குமாறு விரித்தது. சமத்துவத்தின் பெயரால் தண்டனை பகிர்ந்தளிக்கப்பட்ட விந்தை அது!

இச்சட்டத்தின் முன்னே நாட்டின் தலைவர்கள் எவ்வாறு பேசினர்? 2017 சனவரியில், தேசிய மனித உரிமைகள் செயற்றிட்ட வரைவிலிருந்து, இவ்வுறவைக் குற்றமற்றதாக்கும் முன்மொழிவை அமைச்சரவை நீக்கியது. 2018 நவம்பரில், அரசியல் நெருக்கடியின் நடுவே, சனாதிபதி மைத்திரிபால சிறிசேன தம் எதிராளிகளை இழித்துரைக்க ‘வண்ணத்துப்பூச்சி’ எனப் பொருள்படும் சிங்களச் சொல்லை மேடையிலே கையாண்டார். அழகிய உயிரொன்றின் பெயர் ஏச்சாக மாற்றப்பட்டது. எதிராளியின் கொள்கையை மறுக்கவியலாதபோது அவர் ஆண்மையை ஐயுறுதல் மேடையின் பழைய தந்திரம். ஆனால் அச்சொல் இலக்காகக் கொண்ட அரசியல்வாதியைக் காட்டிலும், கூட்டத்தின் ஓரத்தில் மௌனமாக நின்று கேட்ட பெயரறியா இளைஞனையே அது ஆழமாகத் தைத்திருக்கும்.

கோட்டாபய ராஜபக்ஷவின் கூற்று இதற்கு நேர்மாறானது. 2021 மார்ச் 1ஆம் நாள், பாகுபாடு ஒழிப்புத் தினத்தையொட்டி, வயது, பால், பாலியல் நாட்டம், இனம், தோற்றம், நம்பிக்கை என்ற வேறுபாடின்றி அனைவரும் கண்ணியத்தோடு வாழும் உரிமையை உறுதிப்படுத்தத் தாம் உறுதிபூண்டுள்ளதாக அவர் தெரிவித்தார். நாட்டின் தலைவரொருவர், அதுவும் படையிலிருந்து வந்தவர், இவ்வாறு கூறியமை பாராட்டுக்குரியதே. எனினும் அக்கூற்று எந்தச் சட்டப் பிரிவையும் தொடவில்லை. படைகளின் தளபதியாகவும் இருந்த அவர் படைவீரரைப் பற்றி அதில் எதுவும் சொல்லவில்லை. அவர் 2022இற் பதவி துறந்தபோதும் 365ஆம் பிரிவு ஓரெழுத்தும் குறையாது நின்றது. இழிசொல் சட்டத்தின் துணையோடு பேசியது. நற்சொல்லோ சட்டத்தை அசைக்காது கடந்து சென்றது. முன்னது தீங்கு, பின்னது குறை. இரண்டையும் ஒன்றெனக் கூறுதல் நடுநிலையாகாது. எனினும் பின்னதை நிலைப்பாடு என ஏற்பதும் திறனாய்வாகாது.

சட்டத்தைத் தொட்ட முயற்சி ஒரு தனியுறுப்பினரிடமிருந்தே வந்தது. பாராளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் சி. தொலவத்த கொண்டுவந்த சட்டமூலத்தை எதிர்த்து உயர் நீதிமன்றம் சென்ற மனுதாரருள் ஓய்வுபெற்ற பிரிகேடியர் ஒருவரும் இடம்பெற்றார். இவ்வினாவும் படையும் தொடர்பற்றவை அல்ல என்பதற்கு இதுவே சான்று. அச்சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று எனவும், சாதாரண பெரும்பான்மையே போதுமெனவும், அது மனித கண்ணியத்தை மேம்படுத்துவதே எனவும் நீதிமன்றம் கண்டது. அம்முடிபு 2023 மே 9ஆம் நாள் பாராளுமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. நீதிமன்றம் வழிவிட்டும் பாராளுமன்றம் நடக்கவில்லை. 2024 செப்டெம்பர் 24ஆம் நாள், புதிதாகத் தெரிவான சனாதிபதி திஸாநாயக்க அப்பாராளுமன்றத்தைக் கலைத்தபோது, நிறைவேறாத அச்சட்டமூலமும் அதனோடு மறைந்தது. முன்னையோரை அளந்த அதே கோல் அவருக்கும், அவருக்குப் பின் வருவோர்க்கும் உரியதாகும்.

இது மேலைநாட்டு இறக்குமதி, நம் பண்பாட்டுக்கு ஒவ்வாதது என்று கூறுவோர் உளர். இறக்குமதியானது எது என்பதே கேள்வி. 1848இல் மாத்தளை மக்கள் பிரித்தானியரின் வரிகளுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். வீர புரன் அப்பு உயிர் நீத்தார். அதே ஆட்சி முப்பத்தைந்து ஆண்டுகளின் பின் எழுதிய சட்டத்தை, அக்கிளர்ச்சியைப் பெருமையோடு நினைவுகூரும் நாடு தன் பண்பாடெனக் காப்பது முரண்பாடன்றோ? படையொழுக்கம் குலையும் என்போர் பிரித்தானியாவையே நோக்கலாம். ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தின் 1999ஆம் ஆண்டுத் தீர்ப்பை அடுத்து 2000 சனவரியில் அந்நாடு படைத்தடையை நீக்கியது. அதன் படை கலைந்துவிடவில்லை. படையொழுக்கம் குலைவது நடத்தையால், நாட்டத்தால் அன்று.

தமிழ் வாசகர்க்கு இதிற் சிறப்பான பங்கொன்றுண்டு. ‘ஓரினச்சேர்க்கை’ என்னும் வழக்குச்சொல் ஒரு செயலை மட்டுமே காட்டி ஆளை மறைக்கிறது. ‘தன்பாலீர்ப்பு’ என்பதோ அன்புகொள்ளும் மனிதரைக் காட்டுகிறது. சொல் மாறும்போது, கண்ணுக்குத் தெரிவது குற்றமன்று, குடிமகன். சட்டமொன்று மனிதரைக் குடிமக்கள் அல்லாதோராக்கும் என்பதை மலையகத் தமிழர்க்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை ஒரே நாளில் நாடற்றோராக்கியது. அதன் இறுதி எச்சங்களை நீக்க 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. அந்த ஐந்து தசாப்தங்களிலும் அவர்கள் கேட்ட பரிவுரைகள் பல. ஆனால் அவர்களைக் குடிமக்களாக்கியது சட்டமே. அவ்வனுபவம் உடைய சமூகம் பிறிதொரு சிறுபான்மையின் மீதான சட்டத்தைக் கண்டு வாளாவிருத்தல் தன் வரலாற்றையே மறத்தலாகும்.

ஆகவே வேட்பாளரிடம் கேட்கவேண்டியது அவருடைய இரக்கத்தையன்று. 365ஆம் பிரிவை நீக்கும் சட்டமூலத்தை ஆதரிப்பீரா, தளபதி என்ற வகையிற் படைவீரரைக் காப்பீரா என்னும் இரு வினாக்களே போதுமானவை. அவற்றுக்கு ஆம் அல்லது இல்லை என்று விடை கூறுவோர்க்கே நிலைப்பாடு உண்டு. ஏனையோர்க்கு இருப்பது சொல் மட்டுமே.