மனிதரை வகுக்கும் வினாக்கள்

மாந்தர் இயல்பை வகை பிரித்துக் காணும் ஆசை மிகப் பழமையானது. இருபதாம் நூற்றாண்டில் அது வினாநிரல் வடிவம் கொண்டது. அவற்றுள் பெரும்புகழ் பெற்றது, அமெரிக்கப் பெண்மணி இசபெல் பிரிக்ஸ் மையர்ஸ் தம் தாயார் கேதரின் பிரிக்ஸுடன் சேர்ந்து உருவாக்கியதாகும். அதனை விளக்கி அவர் எழுதிய 'கிஃப்ட்ஸ் டிஃபரிங்' என்னும் நூல், அவர் மறைந்த 1980ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. 'வேறுபடும் கொடைகள்' என்பது அப்பெயரின் பொருள். பிள்ளைகளுக்குத் தொழில்வழி காட்டுவோர் இன்றும் இவ்வினாநிரலைக் கையாளுவதால், அந்நூலைச் சீர்தூக்கிப் பார்த்தல் பெற்றோர் கடனாகிறது.

முதற்கண் அதன் சிறப்பைக் கூறிவிடுவோம். உளவியலறிஞர் யுங் 1921இல் வெளியிட்ட கருத்துகளை அடியொற்றி, ஆசிரியர் பதினாறு வகை மனிதரைக் காண்கிறார். அவற்றுள் எவ்வகையும் தாழ்ந்ததன்று என்பதே நூலின் உயிர்நிலை. வாய் திறவாத மாணவனை மந்தன் என ஒதுக்கிய ஆசிரியர் எவரும் இதைப் படித்தால் நாணுவர், யானும் நாணினேன்.

ஆயினும் வகுத்த முறையில் குறையுண்டு. உயரத்தைப் போலவே இயல்பிலும் பெரும்பாலோர் நடுத்தரத்தினரே. அந்த நடுவிலேயே கோடு கிழித்தால், கோட்டுக்கு இப்புறம் ஒட்டி நிற்பவனும் அப்புறம் ஒட்டி நிற்பவனும் எதிரெதிர் இனத்தவராகி விடுகின்றனர். சில வாரங்கள் கழித்து மீண்டும் விடையளித்தோருள் கணிசமானோர் வேறு வகைக்கு மாறியதையும் ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர்.

"எனக்கு அப்படியே பொருந்துகிறதே!" என்பார் உளர். 1948இல் பெர்ட்ராம் ஃபோரர் என்னும் உளவியல் ஆசிரியர் தம் மாணவர் 39 பேருக்கு, அவரவர்க்கெனத் தனியே எழுதியது போல் ஒரே குறிப்பை வழங்கினார். அதன் வாசகங்கள் பெரும்பாலும் சோதிட நூலிலிருந்து எடுத்தவை. மாணவரோ அதன் பொருத்தத்துக்கு ஐந்துக்குச் சராசரி 4.26 மதிப்பெண் அளித்தனர்! பொருந்துவதாகத் தோன்றுவது மெய்மைக்குச் சான்றாகாது.

அங்ஙனமாயின் வினாநிரல்கள் யாவும் வீணோ? அன்று. ஆயிரவர் விடைகளைத் திரட்டும் ஆய்வில், ஒருவர் மிகுத்துச் சொன்னதும் இன்னொருவர் குறைத்துச் சொன்னதும் பெருமளவு ஈடாகிவிடும். ஒரு பிள்ளையின் தாளில் அவ்வாறு ஈடுசெய்ய எவருமில்லை. தந்தை அருகிருக்க விடையெழுதும் மகன், தன் இயல்பை விடுத்துத் தந்தையின் விருப்பத்தை எழுதிவிடவும் கூடும்.

மையர்ஸ் அம்மையாரே ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவ மாணவரை ஆராய்ந்தவர். அவருள்ளும் பல்வேறு இயல்பினர் இருந்தனர். பணிக்கு ஆள் தேர்வதற்கு இவ்வினாநிரலைப் பயன்படுத்தலாகாது என்று அதனை வெளியிடுவோரும் கூறுகின்றனர். அவ்வாறிருக்க, "உன் வகைக்கு மருத்துவம் ஒவ்வாது" என ஒரு மாணவியைத் திருப்பியனுப்புவது எவ்வகையில் நீதி?

ஆகவே பெற்றோர் அத்தாளைப் படிக்கட்டும், "இது நீதானா?" என்று பிள்ளையைக் கேட்கட்டும், அவர் மறுத்துரைப்பதையும் செவிமடுக்கட்டும். தீர்ப்பை மட்டும் அத்தாளிடம் ஒப்படைக்க வேண்டா.