ஆடு புலி ஆட்டம்: பாறைக் கட்டமும் கைப்பேசித் திரையும்

ஆடு புலி ஆட்டம் 3 புலிகளும் 15 ஆடுகளும் கொண்டு இருவர் ஆடும் கட்ட விளையாட்டு. கோயில் மண்டபத் தரைகளிலும் பாறைகளிலும் இதன் கோடுகள் வெட்டப்பட்டிருப்பதைத் தமிழகத்தின் பல ஊர்களில் காணலாம். தெலுங்கிலும் இதே ஆட்டம் உண்டு. அங்கே ஆட்டுக்குப் பெயர் மேக. தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் பேசப்படும் ராஜபாளையம் போன்ற ஊரில் இது எந்த மொழிக்காரர் ஆட்டம் என்று கேட்பதில் பொருளில்லை. இப்போது இது கைப்பேசிச் செயலியாகவும் கிடைக்கிறது. பாறையிலிருந்து திரைக்கு வந்ததில் ஆட்டத்தின் ஈர்ப்பு எவ்வளவு உடன் வந்தது என்று பார்க்க, முதலில் அந்த ஈர்ப்பு எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கட்டமும் விதியும்

உச்சியில் ஒரு புள்ளி. அங்கிருந்து 4 சாய்கோடுகள் அடிக்கோட்டுக்கு இறங்குகின்றன. இடையில் 3 குறுக்குக் கோடுகள் அவற்றை வெட்டிக்கொண்டு இருபுறமும் சற்று வெளியே நீள்கின்றன. அந்த வெளிமுனைகளைப் பக்கத்துக்கு ஒரு நிமிர்ந்த கோடு இணைக்கிறது. உச்சி 1, குறுக்குக் கோடு ஒவ்வொன்றிலும் 6 வீதம் 18, அடிக்கோட்டில் 4 என மொத்தம் 23 புள்ளிகள்.

ஆடுகள் ஒவ்வொன்றாகக் கட்டத்தில் இறங்கும். பதினைந்தும் இறங்கி முடியும்வரை, இறங்கிய ஆடு அசையக் கூடாது. புலிக்கு அந்தத் தடை இல்லை. பக்கத்துப் புள்ளியில் உள்ள ஆட்டைத் தாண்டி அதே கோட்டில் அடுத்துள்ள காலிப் புள்ளியில் புலி குதித்தால் ஆடு வெட்டுப்படும். ஆடு யாரையும் வெட்டாது. மூன்று புலிகளும் நகர வழியின்றி அடைபட்டால் ஆடுகளுக்கு வெற்றி. எத்தனை ஆடு வெட்டினால் புலிக்கு வெற்றி என்பது ஊருக்கு ஊர் மாறும்.

ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் ஓடையோரம் இருக்கும் அய்யனார் கோவில் போன்ற இடத்தில் இதற்குப் பலகையே வேண்டாம். தட்டையான ஒரு பாறையும் கரித்துண்டும் போதும். பெரிய கூழாங்கல் புலி, சிறிய கல் ஆடு. கோவிலுக்குப் பின்னால் எழும் மலைக்காடுகள் 2021இல் திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டன. மேய்ச்சல் ஆடும் காட்டுப் புலியும் எதிரெதிரே நிற்கும் எல்லை அங்கே கற்பனை அல்ல.

மூலையின் இரண்டு முகங்கள்

23 புள்ளிகளில் 7 புள்ளிகளில் நிற்கும் ஆட்டைப் புலியால் ஒருபோதும் வெட்ட முடியாது. உச்சி ஒன்று, மேல் குறுக்குக் கோட்டின் இரு முனைகள், கீழ்க் குறுக்குக் கோட்டின் இரு முனைகள், அடிக்கோட்டின் இரு முனைகள். இவற்றில் எல்லாக் கோடுகளும் முடிந்துவிடுவதால் தாண்டி இறங்க அப்பால் புள்ளி கிடையாது. புதிதாக ஆடுபவர் இதை இரண்டு மூன்று ஆட்டங்களில் தானாகவே கண்டுபிடித்து, ஆடுகளை மூலைகளில் கொண்டுபோய் அடுக்கத் தொடங்குவார். ஒரு வெட்டும் விழாது. ஆனாலும் தோற்றுப்போவார்.

காரணம் இது: புலியை அடைக்க மிக எளிதான இடமும் அதே மூலைதான். மேல் குறுக்குக் கோட்டின் இடது முனையில் புலி இருந்தால் அதற்கு வழி இரண்டே. ஒவ்வொரு வழியிலும் அடுத்தடுத்து இரண்டு காய்கள் நின்றால், அதாவது 4 காய்களில், அது கட்டுண்டுவிடும். கட்டத்தின் நடுவில் நிற்கும் புலிக்கு வழி நான்கு. அதை அடைக்க 8 காய்கள் வேண்டும். உச்சிப் புலிக்கும் எட்டுதான். ஆக, எல்லா மூலையையும் ஆடுகளே பிடித்துக்கொண்டால் புலிகளுக்கு மிஞ்சுவது நடுவெளி. அடைக்க அதிக ஆடுகள் கேட்கும் இடம். ஆட்டுக்கு அடைக்கலமாகும் புள்ளி புலிக்குக் கண்ணியாவதால், ஒவ்வோர் ஆட்டை இறக்கும்போதும் பாதுகாப்பா, பொறியா என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. இறக்கிய பிறகு அதை அசைக்கவும் முடியாது.

இன்னொரு கணக்கு. உச்சியில் ஒரு புலி, மேல் குறுக்குக் கோட்டின் இரு முனைகளிலும் ஒவ்வொரு புலி. தனித்தனியே கூட்டினால் 8, 4, 4 என 16 காய்கள், ஆடுகளோ பதினைந்துதான். ஆனால் உச்சிப் புலியை அடைக்கும் மேல்வரிசை ஆடுகள் நான்கும் பக்கத்துப் புலிகளுக்கும் தடையாகின்றன. ஆகவே இந்த அமைப்புக்கு 12 ஆடுகளே போதும். 3 ஆடுகளை இழந்த பிறகும் இந்த வெற்றி கைக்கு எட்டும். சில நேரம் ஓர் ஆட்டை வேண்டுமென்றே வெட்டக் கொடுத்துப் புலியை மூலைக்கு இழுக்கலாம் என்ற துணிச்சல் இங்கிருந்துதான் பிறக்கிறது.

பள்ளிப் பாடங்களும் பொங்கல் மலர்களும் இந்த ஆட்டத்தைப் பற்றி வழக்கமாகச் சொல்வது, எளியோர் ஒன்றுசேர்ந்தால் வலியோரை வெல்லலாம் என்பது. கட்டம் அப்படிச் சொல்லவில்லை. கூட்டமாக நின்ற ஆடுகளின் பின்னால் ஒரு புள்ளி காலியாக இருந்தால் கூட்டத்தின் ஓரத்து ஆடு போய்விடும்; மூலையில் தன்னந்தனியாக நிற்கும் ஆட்டுக்கு ஒன்றும் ஆகாது. இங்கே ஆடுகளைக் காப்பது முதுகுக்குப் பின்னால் இடைவெளி இல்லாமல் இருப்பது. 1977இல் எஸ்.பி. முத்துராமன் இயக்கத்தில் கமல்ஹாசனும் ரஜினிகாந்தும் நடித்த படத்துக்கு இதே பெயர். அரசியல் செய்திகளிலும் இந்தத் தொடர் அடிக்கடி வரும். அந்த வழக்குகளில் எல்லாம் மிஞ்சியிருப்பது புலியின் துரத்தல் மட்டுமே. ஆட்டின் கணக்கு விடுபட்டுவிட்டது.

திரையில்

கையடக்கக் கருவிகளில் தர்க்கப் புதிர்களுக்கென்று ஒரு மரபு உண்டு. 1995இல் கேம் பாய் கருவிக்கு வந்த மரியோஸ் பிக்ராஸ் அதில் முக்கியமானது. கட்டத்தின் ஓரத்தில் உள்ள எண்கள், அந்த வரிசையில் தொடர்ந்து எத்தனை கட்டங்களை நிரப்ப வேண்டும் என்று சொல்லும். எண்களை வைத்தே ஒவ்வொரு கட்டத்தையும் தீர்மானித்தால் கடைசியில் ஒரு படம் தெரியும். ஊகத்துக்கு வேலையில்லை என்பதே அதன் இன்பம். தவறான கட்டத்தைத் தொட்டால் கருவி உடனே காட்டிக்கொடுத்து, 30 நிமிட நேரத்திலிருந்து முதலில் 2, பிறகு 4, பிறகு 8 நிமிடங்களைக் கழிக்கும்.

ஆடு புலி ஆட்டத்தில் பிழை அப்படி அறிவித்துக்கொண்டு வருவதில்லை. நான்காவது ஆட்டை வைத்த இடம் தவறு என்பது பதினோராவது ஆடு இறங்கும்போது தெரியவரும். அதற்குள் அதைத் திருத்த வழியிருக்காது. ஈர்ப்பின் பெரும்பகுதி இந்தத் தாமதத்தில்தான் இருக்கிறது. பல செயலிகள் கை வைப்பது சரியாக இதன்மேல். புலி எங்கே குதிக்கலாம் என்பதை வண்ணப் புள்ளிகள் முன்கூட்டியே காட்டுகின்றன. பின்வாங்கும் பொத்தான் ஒன்று எப்போதும் தயாராக இருக்கிறது. வெட்டப்போகும் தாவலைத் தன் கண்ணால் கண்டுபிடிக்க வேண்டிய தேவை ஆடுபவருக்கு இல்லாமல் போகிறது. பிக்ராஸ் தன் பிழை அறிவிப்புக்கு நேரத்தை விலையாக வாங்கியது. இங்கே விலையே இல்லை.

செயலியைக் குறை மட்டும் சொல்வதும் நியாயமாகாது. எதிரே உட்கார ஆள் இல்லாதவருக்கு, வெளிநாட்டில் வளரும் பிள்ளைக்கு, இந்த 23 புள்ளிகளைக் கொண்டுசேர்த்தது அதுதான். பின்வாங்கும் வசதி ஆடும்போது கெடுதல், ஆடி முடித்த பிறகு நல்லது. தோற்ற ஆட்டத்தை நான்காவது ஆடுவரை திருப்பிப் பார்க்க முடிகிறது. பாறையில் அதற்கு அபார நினைவாற்றல் வேண்டும். கணினியால் இத்தகைய ஆட்டத்தை ஆழமாக ஆராயவும் முடியும். நேபாளத்தின் பாக் சால் 25 புள்ளிகளில் 4 புலி, 20 ஆடு கொண்டு ஆடப்படும் உறவுக்கார ஆட்டம். இரு பக்கமும் பிழையின்றி ஆடினால் அது சமனில் முடியும் என்று லிம் யூ ஜின், யூர்க் நீவர்கெல்ட் ஆகியோர் கணினிவழி நிறுவினர். அந்த முடிவு வேறு கட்டத்துக்கு உரியது. தமிழ்க் கட்டத்துக்கு அப்படியே பொருந்தாது.

செயலிகளின் பெரிய குறை வேறு. வெட்டு இருந்தால் புலி வெட்டியே ஆக வேண்டுமா, ஒரே முறையில் அடுத்தடுத்து இரண்டு ஆடுகளை வெட்டலாமா, புலிகள் மூன்றும் தொடக்கத்திலேயே நிற்குமா, எத்தனை வெட்டில் ஆட்டம் முடியும் என்பவை எல்லாம் தரையில் ஆடும்போது முதலில் பேசித் தீர்க்கப்படுபவை. அந்தப் பேச்சு ஆட்டத்தின் ஒரு பகுதி. பலமுறை ஆட்டத்தைவிடச் சத்தமான பகுதி. விதி மாறினால் மேலே சொன்ன கணக்கும் மாறும். 5 வெட்டில் ஆட்டம் முடியும் என்றால் 3 ஆடுகளைத் தியாகம் செய்வது தற்கொலைக்குச் சமம். 10 வெட்டு என்றால் அது தாராளமாகச் செய்யக்கூடிய செலவு. வெட்டு கட்டாயம் என்ற விதியில் புலியை இரைகாட்டி இழுப்பது எளிது, இல்லையென்றால் புலி அசையாமல் உட்கார்ந்திருக்கும். செயலி இவற்றில் ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதையே தமிழரின் மரபு ஆட்டம் என்ற தலைப்பில் தருகிறது. அதில் மட்டும் ஆடிப் பழகிய ஒருவர் இன்னோர் ஊர்த் திண்ணையில் உட்கார்ந்தால், அங்குள்ள விதி தவறு என்றே நினைப்பார். தொடக்கத்தில் விதிகளைத் தேர்வுசெய்ய ஒரு பக்கமும், வண்ணப் புள்ளிகளை அணைக்க ஒரு பொத்தானும் சேர்த்தால் இந்தக் குறையில் பெரும்பகுதி தீரும். நிரல் எழுதுபவருக்கு அது சில நாள் வேலை.