ஐம்பது சென்ட்டைப் பின்தொடருங்கள்

‘எ ரெய்சின் இன் த சன்’ நாடகத்தை முதன்முறை பார்ப்பவர்கள், வால்ட்டர் லீ குரலை உயர்த்தும்போதுதான் நிமிர்ந்து உட்காருவார்கள். அதற்கு வெகு முன்னாலேயே நிமிர்ந்துவிடுங்கள். முதல் காட்சியில் பையன் டிராவிஸ் பள்ளிக்கு ஐம்பது சென்ட் கேட்பான். கையில் இல்லை என்பாள் அம்மா ரூத். வால்ட்டர் அவளை முறைத்துக்கொண்டே காசை எடுத்து நீட்டுவான். அதோடு விடாமல், பழம் வாங்கிக்கொள், இல்லாவிட்டால் டாக்சியில் போ என்று இன்னொரு ஐம்பது சென்ட்டும் தருவான். அந்த நொடியில் அவன்தான் ராஜா. கொஞ்ச நேரத்தில் கதவை அறைந்துகொண்டு வேலைக்குக் கிளம்பியவன் திரும்பி வந்து நிற்பான். போக்குவரத்துச் செலவுக்குக் காசில்லை. ரூத்திடம்தான் கேட்டாக வேண்டும். அவள் கொடுப்பதும் ஐம்பது சென்ட்தான், டாக்சியில் போகச் சொல்லும் குத்தலோடு.

ஒரு குடும்பத்தலைவனின் வீம்பும் வெறுங்கையும் இதில் அடங்கிவிட்டன. இந்த நாடகத்தை ரசிக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி, வசனத்தோடு காசையும் பின்தொடர்வது.

சிகாகோவின் சவுத் சைடில் ஒரு நெருக்கடியான குடித்தனம். மூன்று தலைமுறையாக ஐந்து பேர். கழிப்பறை வெளியே, பக்கத்து வீட்டாருக்கும் சேர்த்துப் பொது. டிராவிஸுக்குக் கூடத்து சோஃபாதான் படுக்கை. பெரியவர்கள் பேசி ஓய்ந்தால்தான் அவனுக்குத் தூக்கம். இந்த வீட்டுக்குத்தான் செத்துப்போன தாத்தாவின் இன்ஷூரன்ஸ் பணம் 10,000 டாலர் வருகிறது. வால்ட்டருக்குச் சாராயக் கடையில் பங்கு வேண்டும். அவன் பங்கே பத்தாயிரம். தங்கை பெனீதாவுக்கு டாக்டர் படிப்பு. பாட்டி லீனாவுக்குத் தோட்டம் போட இடமுள்ள ஒரு வீடு.

லீனா 3,500 டாலரை வீட்டுக்கு முன்பணமாகக் கட்டிவிடுகிறாள். மிச்சம் 6,500. அதில் 3,000-ஐப் பெனீதாவின் படிப்புக்கு வங்கியில் போடச் சொல்லி மொத்தத்தையும் வால்ட்டரிடம் ஒப்படைக்கிறாள். அன்றிரவு அவன் மகனிடம் ஏழு வருடம் கழித்து வரப்போகும் வாழ்க்கையைச் சொல்லுவான். கறுப்பு கிரைஸ்லர் கார், வெள்ளை வளையம் போட்ட டயர்... இல்லை, கறுப்பு டயர்தான் எடுப்பாக இருக்கும் என்று திருத்திக்கொள்வான். இல்லாத காருக்கு டயர் மாற்றும் அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரும், பாதியில் நின்றும்போகும். பணத்தைக் கூட்டாளி வில்லி ஹாரிஸ் சுருட்டிக்கொண்டு ஓடுவதை நீங்கள் ஊகித்துவிடுவீர்கள். அதனால் ஒன்றும் கெட்டுவிடாது.

வெள்ளையர் பகுதியில் எதற்கு வீடு வாங்கினாய் என்றால், கறுப்பர்களுக்கென்று ஒதுக்குப்புறத்தில் கட்டிய வீடுகள் இரண்டு மடங்கு விலை என்கிறாள் லீனா. அங்கும் காசுக் கணக்குதான். அந்த வெள்ளையர் பகுதியின் சார்பில் வரும் லிண்ட்னரும் மரியாதையாகத்தான் பேசுவார்: நீங்கள் வராமலிருந்தால் கூடுதல் விலை கொடுத்து வீட்டை நாங்களே வாங்கிக்கொள்கிறோம். நாடகத்தை எழுதிய லொரெய்ன் ஹான்ஸ்பெர்ரிக்கு இது கேள்விப்பட்ட கதையல்ல. அவருடைய அப்பா 1937-இல் வெள்ளையர் பகுதியில் வீடு வாங்கினார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1940-இல் அவருக்குச் சாதகமாக முடிந்தது. அவர் வசதியான மனிதர், வழக்காட முடிந்தது. நாடகத்துக் குடும்பத்திடம் அதற்கும் வழியில்லை. லிண்ட்னர் இரண்டாம் முறை வரும்போது வால்ட்டரைப் பார்க்காதீர்கள், பக்கத்தில் நிற்கும் டிராவிஸைப் பாருங்கள். பையன் அங்கேயே இருக்கட்டும் என்று லீனா பிடிவாதமாகச் சொன்னது எதற்கு என்று புரியும்.

1959-இல் ஹான்ஸ்பெர்ரிக்கு 28 வயதில் இது அரங்கேறியது. ஒரு கறுப்பினப் பெண் எழுதி பிராட்வே மேடையேறிய முதல் நாடகம். வால்ட்டராக சிட்னி பாய்டியே, ரூத்தாக ரூபி டீ. 1961-இல் வந்த படத்திலும் அவர்களே நடித்தார்கள். மேடையில் பார்க்க வாய்க்காதவர்கள் அதில் தொடங்கலாம்.

இரண்டாம் முறை பார்த்தால் ரூத் ஒருத்தியை மட்டும் கவனியுங்கள். பத்தாயிரத்தில் அவளுக்கென்று அவள் எதுவும் கேட்பதில்லை. வயிற்றுப் பிள்ளையைக் கலைக்க ஐந்து டாலர் முன்பணம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள் என்பது போகிற போக்கில்தான் தெரியவரும். வீடு வாங்கியாகிவிட்டது என்றதும் விரிசல் விட்ட சுவர்களுக்கும் கரப்பான்பூச்சிகளுக்கும் கூத்தாடி விடைகொடுப்பாள். பிறகு குரல் தணியும். அந்தக் குடித்தனத்துக்கு வெளிச்சம் தருவது ஒரே ஒரு சின்ன ஜன்னல். புது வீட்டில் நிறைய வெயில் வருமா என்று மாமியாரிடம் கேட்பாள்.