தட்டில் ஏந்திய தொடுவானம்

விண்பொருள்களின் உயரக் கோணத்தை அளந்து கப்பல் இருக்கும் இடத்தைக் கணிக்க உதவும் செக்ஸ்டண்ட் என்னும் கருவிக்குக் கடலின் தொடுவானம் ஆதாரக் கோடாக வேண்டும் என்றாலும், காடும் மேடும் பார்வையை மறைக்கும் ஜவளகிரி என்னும் ஊரில் ஒரு தட்டு கருத்த என்ஜின் ஆயிலே அந்தக் குறையைத் தீர்த்துவிடும். அசையாத திரவத்தின் பரப்பு தானே கிடைமட்டமாக அமைவதால், செயற்கைத் தொடுவானம் எனப்படும் இத்தட்டில் தெரியும் சூரியனுக்கும் வானத்துச் சூரியனுக்கும் இடைப்பட்ட கோணம் உண்மையான உயரத்தின் இரு மடங்காகிறது. அதைப் பாதியாக்கும்போது கையின் பிழையும் பாதியாகிவிடுவது தனி அழகு. நிறக்கண்ணாடிகளின் வழியே பார்த்தபடி நுண்திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்ப, ஒரு வட்டு இறங்கி வந்து மற்றொன்றின் மேல் மெல்லப் பொருந்துகிறது. காற்றுப் பட்டு ஆயில் சிலிர்த்தால் பிம்பம் கலைந்துபோக, அது அடங்கும்வரை மூச்சடக்கிக் காத்திருக்கும் பொறுமையே இவ்வித்தையின் பெரும்பகுதி. உயரத்தில் ஒரு கலை, அதாவது பாகையில் அறுபதில் ஒரு பங்கு, பிசகினால் தரையில் இடம் ஏறத்தாழ 1.85 கிலோமீட்டர் தள்ளிப்போகும். செக்ஸ்டண்ட் 120 பாகைக்கு மேல் அதிகம் அளக்காது என்பதால், ஏறத்தாழ 12.5 பாகை வட அட்சரேகையில் உள்ள இவ்வூரில் உச்சிச் சூரியனை இம்முறையில் இரு மடங்காக அளக்க விரும்புவோர், அது தாழ்ந்து நிற்கும் டிசம்பர், ஜனவரி மாதங்களைத் தேர்ந்துகொள்வது நல்லது. மற்ற மாதங்களில் காலை, மாலைச் சூரியனே போதும்.