தென்னையைப் பிடித்து நிற்கும் கிறிஸ்தோபர்

பிலிப்பைன்ஸ் நாட்டின் பனாய் தீவில் மியாகாவ் என்றோர் ஊர் உண்டு. அங்கு 1787இல் தொடங்கி 1797இல் கட்டி முடிக்கப்பெற்ற ஆலயத்தின் முகப்புச் சிற்பத்தை, நேரில் அன்று, ஒளிப்படத்தில்தான் நாம் கண்டோம். ஆயினும் அது நம்மை நெடுநேரம் நிறுத்தி வைத்தது. பாலன் இயேசுவைச் சுமந்து ஆற்றைக் கடக்கும் புனித கிறிஸ்தோபரின் கதை வாசகர் அறிந்ததே. ஐரோப்பியக் கலைஞர் அவர் கையில் ஊன்றுகோல் ஒன்றைத் தருவர். மியாகாவ் சிற்பியோ ஒரு தென்னை மரத்தையே தந்துவிட்டார். அவ்வூர் மக்களைப் போல் உடுத்திய புனிதர் தென்னையைப் பிடித்து நிற்கிறார். அருகே பப்பாளியும் கொய்யாவும் செதுக்கப்பட்டுள்ளன.

அந்நியர் தந்த சமயக் கலைக்கு உள்நாட்டு ஆடை போர்த்தியதற்கு இஃது ஒரு சான்று எனக் கூறிவிட்டுக் கடந்து போவது எளிது. ஆனால் அம்மூன்று மரங்களுள் தென்னை ஒன்றே அம்மண்ணில் தொன்றுதொட்டு நின்றது. பப்பாளியும் கொய்யாவும் அமெரிக்கக் கண்டத்துக்குரியவை. மெக்சிகோவின் அகபுல்கோவுக்கும் மணிலாவுக்கும் இடையே 1565 முதல் 1815 வரை பாய்க்கப்பல்களை ஓட்டிய ஸ்பானியர் காலத்தில் வந்தவை. (நம் கொல்லைப்புறத்துக் கொய்யாவும் ஐரோப்பியக் கப்பல் கொண்டுவந்த விருந்தாளியே, அதை நாம் மறந்து வெகுகாலமாயிற்று.) சிற்பி தம்மூர் மரமென்று நம்பிச் செதுக்கியதும், அவருக்குப் பணி தந்த சமயமும் ஒரே கடல்வழியே வந்தவை. அப்படியானால் அம்முகப்பில் எது அந்நியம், எது சொந்தம்?

பிலிப்பைன்ஸ் கலைகளை மரபுக் கலைகள், மரபு சாராக் கலைகள் என இரு தட்டுகளில் வைப்பது வழக்கம். அரசும் அவ்வாறே செய்கிறது. ஓவியர், சிற்பி, கட்டடக் கலைஞர், நாடகத்தார், எழுத்தாளர் ஆகியோர்க்கு 1972இல் தேசியக் கலைஞர் விருது ஏற்பட்டது. நெசவாளர், நாட்டுப் பாடகர் போன்றோர்க்கு 'மன்லிலிகா நங் பாயன்' என்னும் தனி விருது இருபது ஆண்டு கழித்து, 1992இல்தான் வந்தது. கனவில் கண்ட கோலங்களை அபாக்கா என்னும் வாழையின நாரில் நெய்த டிபோலி இனத்து மூதாட்டி லாங் டுலாய் 1998இல் இவ்விருதைப் பெற்றார். நிர்வாகத்துக்கு இப்பிரிவு உதவலாம். திறனாய்வாளர் அதை அப்படியே ஏற்கும்போதுதான் இடர் தொடங்குகிறது. இரண்டாம் தட்டில் உள்ளவை அனைத்தும் இரவல் என்றும், இரவலுக்கு உள்ளூர்ச் சாயம் பூசினால் சொந்தமாகிவிடும் என்றும் ஓர் எண்ணம் வேரூன்றுகிறது. இதனோடு நாம் உடன்படவில்லை.

சாயம் பூசும் வேலை மிகப் பழையது. மணிலாவின் முதல் ஆயர் தொமிங்கோ தெ சலசார், நகரத்துக்கு வெளியே பரியான் என்னும் சேரியில் வாழ்ந்த சீனக் கைவினைஞர் செதுக்கிய தந்தத் திருவுருவங்களை வியந்து 1590இல் ஸ்பெயின் மன்னருக்கு எழுதினார். அந்த மரபில் வந்த திருவுருவங்களின் சாய்ந்த கண்களிலும் கனத்த இமைகளிலும் சீனத்துப் புத்தரின் அமைதி தெரியும். யாரும் இதைத் திட்டமிட்டுச் செய்யவில்லை. உளியைப் பிடித்த கை தனக்குத் தெரிந்த முகத்தைச் செதுக்கியது, அவ்வளவே.

திட்டமிட்ட கலைக்கு வருவோம். ஹுவான் லூனா வரைந்த 'ஸ்போலியாரியம்' 1884இல் மத்ரித் கண்காட்சியில் பொற்பதக்கம் பெற்றது. ஏறத்தாழ நாலேகால் மீட்டர் உயரமும் ஏழரை மீட்டருக்கு மேல் அகலமும் கொண்ட அத்திரை இன்று மணிலாவின் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. உரோமை அரங்கில் மடிந்த போர் அடிமைகளின் உடல்களைக் கீழறைக்குள் இழுத்துச் செல்கின்றனர். ஒரு மூலையில் ஒரு பெண் தரையில் சாய்ந்து கிடக்கிறாள். தென்னையில்லை, பழுப்பு முகமில்லை, நாட்டுடை இல்லை. ஐரோப்பியக் கல்விக்கூட ஓவியத்தின் இலக்கணம் முழுவதும் அதில் உண்டு. ஆனால் அவ்வாண்டு மத்ரித் விருந்தொன்றில் லூனாவைப் பாராட்டிப் பேசிய ஹோசே ரிசால், அவ்வுடல்களில் தம் நாட்டையே கண்டார். பன்னிரண்டு ஆண்டுகளில் ஸ்பானியர் அவரையே சுட்டுக் கொன்றனர்.

இதனருகே பெர்னாண்டோ அமோர்சோலோவை வைத்துப் பாருங்கள். 1972இல் முதல் தேசியக் கலைஞராக அறிவிக்கப்பெற்றவர் அவர். நாற்று நடும் பெண்கள், பொன்வெயில், மாந்தோப்பு, ஓலை வீடு என யாவும் பிலிப்பினோ. ஒளியைக் கையாள்வதில் அவருக்கு நிகரானோர் அந்நாட்டில் அரியர். எனினும் அவ்வயலில் யாருக்கும் முதுகு வலிப்பதில்லை; நிலம் யாருடையது என்ற கேள்வியும் எழுவதில்லை. அந்நாட்டை ஆண்ட அமெரிக்கர் அப்படங்களை விரும்பி வாங்கியதில் வியப்பில்லை. 1940களில் எரியும் மணிலாவை வரைந்த அமோர்சோலோ வேறொருவர். அவரை நாம் குறைவாகவே பேசுகிறோம். 1928இல் விக்டோரியோ எடாதெஸ், சேற்று நிறத்தில் திரண்ட உடலுடைய கட்டடத் தொழிலாளரை வரைந்து மணிலாவில் காட்சிக்கு வைத்தபோது எழுந்த அதிர்ச்சி, அதுவரை கண்கள் எதற்குப் பழகியிருந்தன என்பதைக் காட்டியது. அவருடைய தோழர் காலோ ஒகாம்போ 1938இல் பழுப்பு நிற அன்னை மரியாவை நாட்டுடையில் வரைந்தார். அன்று அது துணிவு. இன்று அதைப் போன்ற படங்கள் நாட்காட்டிகளில் மலிந்துவிட்டன. நிறம் மட்டும் மாறினால் போதும் என எண்ணும் பின்வந்தோர் செய்த குறை அது, ஒகாம்போவின் குறை அன்று.

ஓவியத்தைவிட இதைத் தெளிவாகக் காட்டுவது பாடுகளின் காவியமே. காஸ்பர் அக்கினோ தெ பெலென் 1704இல் தகலோக் மொழியில் வெளியிட்ட 'பாசியோன்' நூல், ஸ்பானிய யாப்பைத் தழுவிய ஐந்தடிச் செய்யுள்களால் ஆனது. அதுவும் பின்வந்த பதிப்புகளும் தவக்காலத்தில் வீடுகளில் இரவும் பகலும் இசைத்துப் படிக்கப்பட்டன. வியாகுலப் பிரசங்கம் கேட்டு வளர்ந்த நம்மவர்க்கு இவ்வழக்கத்தை விளக்க வேண்டியதில்லை. அடங்கிப் பொறுத்திருக்கக் கற்பிக்கவே ஆட்சியாளர் இதை அனுமதித்தனர். ஆனால் ஏழை மீனவரும் தச்சனின் மகனும் அதிகாரத்தின் முன் தலைநிமிர்ந்து நின்ற கதையிலிருந்து உழவர் வேறொன்றைக் கற்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கிளர்ச்சியாளர் பேசிய சொற்கள் பாசியோனின் சொற்களே என வரலாற்றாசிரியர் ரெய்னால்தோ இலேட்டோ 1979இல் எழுதிய நூல் விரிவாக நிறுவுகிறது. 1972இல் வந்த இராணுவச் சட்டத்தின் கீழும், சினாகுலோ என்னும் பாடுகளின் நாடக வடிவத்தைக் கொண்டே நாடகக் குழுவினர் தொழிலாளரின் துன்பத்தை மேடையேற்றினர்.

கட்டடக்கலையில் ஒன்றை மட்டும் சொல்வோம். 1955இல் லெயாந்த்ரோ லொக்சின் பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழக வளாகத்தில் எழுப்பிய வட்டமான ஆலயத்தில் பீடம் நடுவே உள்ளது. இறைமக்கள் சுற்றி அமர்கின்றனர். இரண்டாம் வத்திக்கான் திருச்சங்கம் கூடுவதற்கு ஏழாண்டு முன்னரே இது நிகழ்ந்தது. அதன் சிலுவைப்பாதை ஓவியங்களில் விசென்தே மனன்சாலாவுக்கு உதவிய இளைஞர் அங் கியுகோக், சீனக் குடியேறிகளின் மகன்.

இறுதியாக நெக்ரோஸ் தீவின் விக்டோரியாஸ் சர்க்கரை ஆலை வளாகம். தொழிலாளரான புனித யோசேப்பின் ஆலயத்தில் பீடத்துக்குப் பின்னே அல்ஃபோன்சோ ஒசோரியோ 1950இல் தீட்டிய சுவரோவியம் உள்ளது. 'சினங்கொண்ட கிறிஸ்து' என அதை அழைக்கின்றனர். தகிக்கும் நிறங்கள், எரியும் இதயம், அகன்ற கண்கள், பின்னாலிருந்து நீளும் தந்தையாம் கடவுளின் கரங்கள். ஒசோரியோ மணிலாவில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்தவர். புதுமை ஓவியரோடு பழகியவர். தட்டுகளில் வைத்தால் இதைவிட மரபு சாராத படைப்பு ஒன்றைக் காண்பது அரிது. முகமும் நாட்டு முகமன்று.

1980களின் நடுவில் உலகச் சந்தையில் சர்க்கரை விலை சரிந்தது. நெக்ரோஸ் தீவில் கரும்பு வெட்டுவோர் வேலையிழந்தனர். அவர்தம் குழந்தைகள் பசியால் மடிந்தனர். அவ்வாண்டுகளிலும் பீடத்தின்மேல் அக்கண்கள் விழித்தே இருந்தன. ஆலை ஒசோரியோவின் குடும்பத்தாருடையது. உரிமையாளரின் மகன், தம் வீட்டாரும் தொழிலாளரும் ஒருங்கே முழந்தாளிடும் இடத்தில், இறுதித் தீர்ப்பைத் தீட்டி வைத்துவிட்டுப் போயிருந்தார்.