பதிவும் பெயர்வும்: அரட்டை செயலியும் நாமக்கல் வட்டாரத் தொழிற்குழுக்களும்

2025 செப்டம்பரில் சோகோ நிறுவனத்தின் ‘அரட்டை’ செயலியில் நாள்தோறும் இணைவோர் 3 நாட்களில் 3,000-இலிருந்து 3,50,000 ஆக உயர்ந்ததாக ஸ்ரீதர் வேம்பு அறிவித்தார். இவ்வெண்ணிக்கையைக் கொண்டு பயனர்கள் வாட்ஸ்அப்பிலிருந்து பெயர்ந்துவிட்டதாகக் கூறுவது பொருந்தாது. செயலியில் பதிவு செய்தல் வேறு. தொழிலை அதற்குக் கொண்டுசெல்லுதல் வேறு.

நாமக்கல் வட்டாரம் இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டும். தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் விலை பண்ணையாளருக்கு மட்டும் உரியதன்று. கேரளத்து மொத்த வணிகரும் உடனே அறிய வேண்டியது. லாரி உரிமையாளர் ஊரிலிருக்க, ஓட்டுநர் வடமாநிலச் சாலையில் இருப்பார். ‘ரிட்டர்ன் லோடு’ தரும் முகவரோ தமிழறியாதவர். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளும் பல மாநிலங்களில் ஆழ்துளைக் கிணறு தோண்டுபவை. எனவே இத்தொழிற்குழுக்கள் எத்தளத்தில் இயங்கும் என்பதைப் பெரிதும் தீர்மானிப்போர் வட்டாரத்திற்கு வெளியே உள்ளோரே. செயலியின் தமிழ்ப்பெயர் அவர்களை ஈர்க்கக் காரணமில்லை. (வீண்பேச்சைக் குறிக்கும் பெயர் வணிகத்திற்கு ஏற்றதா என்பது தனி வினா.)

மேலும், பழைய உரையாடல் இவர்களுக்குக் கணக்கேடாகவும் பயன்படுகிறது. பேசி முடித்த வாடகை, சரக்குச் சீட்டின் படம், முன்பணம் அனுப்பிய சான்று ஆகியன அதிலேயே உள்ளன. பிணக்கு நேர்கையில் அதுவே ஆவணம்.

2019 நவம்பரில் மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டதை ஒட்டி இந்தியப் பயனர் பலர் மாஸ்டடான் தளத்தில் இணைந்தனர். அங்கு உந்துவிசை கருத்துரிமை. இங்கு கொடுக்கல் வாங்கல். இரு செயலிகளையும் வைத்திருப்போர் வாடகையை எதில் பேசி முடிக்கின்றனர் என்பதே களஆய்வு கேட்கவேண்டிய முதல் வினா.